மாடு நகராது

ரோஜா நிறத் தாளில் அச்சடித்த அந்த நோட்டீஸ் இப்போது என்னிடம் இல்லை. ஆனால் அதிலிருந்த வரிகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. எங்கள் ஆம்பூர் வாசகசாலையின் ஆண்டு விழா; ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்; ‘குழந்தைகளுக்காக எழுதுவது எப்படி?’ என்ற தலைப்பில் மூன்று எழுத்தாளர்கள் ஊர்மக்களோடு பேசுவார்கள் என்று போட்டிருந்தது. முதல் பெயர், சென்னையில் சிறுவர் பத்திரிகை நடத்திவந்த ஓர் ஆசிரியருடையது. இரண்டாவது, சிறுவர் பாடல்கள் எழுதும் வேலூர்த் தமிழாசிரியருடையது. மூன்றாவது பெயர் என் அண்ணனுடையது. அதற்குக் கீழே ‘நமதூர் எழுத்தாளர்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. என் அண்ணன் தன் வாழ்நாளில் ஒரு கதைகூட எழுதியதில்லை.

எழுதியவர் என் அண்ணி. குடியாத்தத்தில் தறி போடும் குடும்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். எட்டாவது வரை படித்திருந்தார். அண்ணன் தோல் பதனிடும் டேனரி ஒன்றில், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் கிளார்க். டேனரியின் மதிலை ஒட்டிக் கிளார்க்குகளுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் அம்மா, அண்ணன், அண்ணி, நான் என்று நான்கு பேர் இருந்தோம். நான் அப்போதுதான் ஆரம்பப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அறுபதுகளின் முன்பாதி அது. தோல் போடும் சுண்ணாம்புக் குழியின் வாடையும் தோலோடு ஊறும் மரப்பட்டையின் வாடையும் கலந்து எந்நேரமும் வீட்டுக்குள் இருக்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் எங்களுக்கு அது ஒரு வாடை என்பதே ஞாபகம் வரும்.

அண்ணி வீட்டுக்குள் அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் நான்கு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது அவர் வேறு ஆளாகிவிடுவார். குடம் வைத்து வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் பிள்ளைகள். அவர்களுடைய அப்பா டேனரியில் தோல் அலசுவார், அம்மா வேறெங்கோ கூலி வேலைக்குப் போயிருப்பாள். தண்ணீர் பிடிப்பது பிள்ளைகள் பாடு. அவர்கள் நடுவில் நின்றுகொண்டு அண்ணி கதை சொல்வார். குரலை உயர்த்தமாட்டார். தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே எப்படியோ எல்லோருக்கும் கேட்கும். தண்ணீர் நின்றதும் கதையும் நிற்கும். மறுநாள் பிள்ளைகள் மூன்று மணிக்கே வந்து குடத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கதை நான்கைந்து நாள் குழாயடியில் அடிபட்டுத் தேறிய பிறகுதான் அண்ணி அதை எழுதுவார். அண்ணன் ஆபீசிலிருந்து அச்சுப் பிசகிய லேபிள் தாள்களைக் கொண்டுவருவார். ஒரு பக்கம் வெளுத்துப்போன ஆங்கில எழுத்து. மறுபக்கம் அண்ணியின் கதை. மத்தியான வேளையில், அம்மா கண்ணயரும்போது, அடுப்படியில் சுவரில் சாய்ந்து முழங்காலில் பலகையை வைத்துக்கொண்டு எழுதுவார். பள்ளி விடுமுறை நாட்களில் நான் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எழுதும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

முதல் கதையை அந்தச் சென்னைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று சொன்னது நான்தான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “பொம்பள பேரு போட்டுப் பொஸ்தகத்துல வந்தா, ஊரு ஊரா இருக்கற ஆம்பளைங்க லெட்டர் போடுவானுங்க. போஸ்ட்மேன் கையில அத வாங்கிக்கினு நான் நிக்கணுமா?” என்றாள். அண்ணன் ஒரு வழி சொன்னார். தன் பெயரில் அனுப்பினால் பேஜார் இல்லை என்றார். அண்ணி சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கதை அச்சாகி வந்தது. இரண்டு வருஷத்தில் ஏழெட்டுக் கதைகள் வந்தன. அண்ணனை டேனரியில் ‘ரைட்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் சிரித்து மழுப்பினார். அப்புறம் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். என் அண்ணன் கெட்டவர் இல்லை. கூப்பிட்ட பெயருக்கு ஒருவன் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறான் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

விழா நடந்த அந்த வருஷம் வந்த கதை ஒன்று. சிவலை, மயிலை என்று ஒரு வண்டியின் ஜோடி மாடுகள். இரண்டும் ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து உப்புத்தோல் மூட்டைகளை டேனரிக்கு இழுப்பவை. மயிலைக்கு வயதாகிவிட, வண்டிக்காரர் அதைச் சந்தையில் அரக்கோணத்து வியாபாரி ஒருவரிடம் விற்றுவிட்டு வேறொரு மாட்டைப் பூட்டுகிறார். சில மாதம் கழித்து அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயிலில் வந்த தோல் லோடு ஒன்றை ஏற்றிக்கொண்டு, மணலோடிக் கிடக்கும் பாலாற்றைக் கடக்கும்போது, சிவலை நடுவில் நின்றுவிடுகிறது. தலையைத் திருப்பி வண்டியிலிருக்கும் தோலை மோந்து பார்க்கிறது. அடித்தும் நகரவில்லை, கெஞ்சியும் நகரவில்லை. கடைசியில் வண்டிக்காரரும் நுகத்தை அவிழ்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துவிடுகிறார். இதுதான் அண்ணி எழுதியது. பத்திரிகையில் வந்ததோ வேறு. வண்டிக்காரர் ஒரு கை பச்சைப்புல் நீட்டுகிறார். சிவலை வாலை ஆட்டிக்கொண்டு ஜல்ஜல்லென்று ஓடுகிறது. ‘கடமையே பெரிது’ என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள்.

அண்ணி அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் பத்திரிகையை விரித்துப் பிடிக்க, ஈரக் கையோடு நின்று படித்தார். படித்து முடித்ததும், “இது நான் எழுதினது இல்ல பாப்பா” என்றார். அன்றைக்கே பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆனால் அது அண்ணன் பெயரில் அல்லவா போகவேண்டும்? அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “அவங்கல்லாம் பெரிய மனுஷங்க. பசங்களுக்கு எது நல்லதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? இத்த ஒரு விஷயமா எழுதி வம்பை வெலைக்கு வாங்கணுமா?” என்றார். கடிதம் அடுப்புக்குப் போயிற்று. குழாயடியில் அந்த வாரம் கதை இல்லை.

இந்த நிலையில்தான் வாசகசாலை நோட்டீஸ் வந்தது. விழாவுக்குத் தலைமை அண்ணன் வேலை பார்த்த டேனரியின் முதலாளி. வரமாட்டேன் என்று சொல்ல அண்ணனுக்கு வழியில்லை, மனசும் இல்லை. விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அடுப்படி வாசலில் வந்து நின்றார். “இங்கப் பாரு, கதை எப்படி எழுதறேன்னு சொல்லணுமாம். ஒரு பத்து நிமிஷத்துக்கு எழுதிக் குடேன். நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்” என்றார். அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார். “உண்மையா எப்படி எழுதறேனோ அதையே எழுதட்டுமா?” என்று கேட்டார். “எதுன்னாலும் எழுது. ஜாஸ்தியா வேணாம்” என்றார் அண்ணன்.

நான்கு பக்கம் எழுதினார். எனக்குப் படிக்கக் கொடுத்தார். குழாயடி, குடங்கள், லேபிள் தாள், அடுப்படிச் சுவர், எல்லாம் அதில் இருந்தன. ஒரு பொய் இல்லை. எல்லா வாக்கியங்களும் ‘நான்’ என்று தொடங்கின. “நான்னு எழுதறப்ப கைக்கு நல்லா இருந்துது பாப்பா. இதுவரைக்கும் எழுதினதே இல்ல” என்றார். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்துவிட்டு எழுந்துபோனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

விழா வாசகசாலையின் பின்புறம் இருந்த திறந்த இடத்தில், சாமியானா போட்டு நடந்தது. இடப்பக்கம் பெஞ்சுகளில் ஆண்கள். டேனரி ஆட்கள், கடைக்காரர்கள், ஜோலார்பேட்டையிலிருந்து வந்திருந்த சில ரயில்வே ஊழியர்கள். வலப்பக்கம் ஜமக்காளத்தில் பெண்கள். முன்னால் பிள்ளைகள், பாதிப்பேர் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், குழாயடிப் பிள்ளைகளும் அவர்களேதான். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அண்ணி உட்கார்ந்திருந்தார்.

சென்னை ஆசிரியர் முதலில் பேசினார். நல்ல வெண்கலக் குரல். விடியற்காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மேஜைமுன் அமர்ந்தால்தான் தமக்குக் கதை வரும் என்றார். குழந்தை உள்ளம் வெளுத்த துணி, அதில் ஒரு கறை படக்கூடாது, துயரம் படவே கூடாது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வேலூர்த் தமிழாசிரியர் அவருக்கு நேர்மாறு. தாம் சைக்கிளில் பள்ளிக்குப் போகும்போதுதான் பாட்டுக் கட்டுவதாகவும், பெடல் மிதிக்கும் தாளத்துக்கு வராத சொல்லைத் தூக்கி எறிந்துவிடுவதாகவும் சொல்லி, மேடையிலேயே கால்களை மாற்றி மாற்றி வைத்துப் பாடிக்காட்டினார். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

அண்ணன் மூன்றாவது. நன்றாகத்தான் பேசினார். மனப்பாடம் பிசகவில்லை. ‘நான் குழாயடியில் நிற்கும்போது’ என்று அவர் சொன்னபோது முன்வரிசைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனை யாரும் குழாயடியில் பார்த்ததில்லை. அண்ணி கையை மடியில் வைத்துக்கொண்டு, தன் வாக்கியங்கள் அவர் வாயிலிருந்து வருவதை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்தது, கேள்விகள் கேட்கலாம் என்றார் செயலாளர். பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அப்புறம் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். தோல் சுமக்கும் தொழிலாளி ஒருவரின் மகள். அண்ணனைப் பார்த்து, “சார், சிவலைக் கதையில அந்த மாடு நகரவே இல்லன்னு குழாயாண்ட சொன்னாங்க. பொஸ்தகத்துல மட்டும் ஏன் சார் ஓடிப்போச்சு? எது நெஜம்?” என்று கேட்டாள். யார் சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை. நான் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

இந்தக் கேள்விக்கு அண்ணனிடம் எழுதிவைத்த பதில் இல்லை. பக்கத்திலிருந்த சென்னை ஆசிரியரைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: “மொதல்ல நகராதுன்னுதான் எழுதினேன். அப்புறம் யோசிச்சேன். உங்க மனசு கஷ்டப்படக் கூடாதில்ல? அதனால நானே மாத்திட்டேன். மாடு சந்தோஷமா ஓடிடுச்சு.”

அண்ணி எழுந்து நின்றுவிட்டார். அம்மா அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து, “உக்காருடி, உக்காரு” என்று பல்லைக் கடித்தாள். அண்ணி முந்தானையை அம்மா கையிலிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டு, “அது ஓடல” என்றார். குழாயடியில் பேசும் அதே குரல். “மாடு ஓடல. அத மாத்தினது அவரு இல்ல. எழுதினதும் அவரு இல்ல. நான்.”

கூட்டம் முழுக்கத் திரும்பியது. செயலாளர் ஓடிவந்து, “அம்மா, இது சபை. வீட்டு விஷயத்தை வீட்ல பேசிக்குங்க” என்றார். அண்ணி நின்றுகொண்டே இருந்தார். அப்போது முதலாளி கையை உயர்த்திச் செயலாளரை நிறுத்தினார். அண்ணனிடம் நேராகக் கேட்டார்: “நீ எழுதினியா, இல்லியா? ஒரே வார்த்தை சொல்லு.”

அண்ணன் முகம் சுண்டிப்போயிருந்தது. “இல்ல, சார்” என்றார்.

“அப்ப அந்தம்மா பேசட்டும். நேரம் கம்மியா இருக்கு” என்றார் முதலாளி.

அண்ணி மேடைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினார். “என் பேரு இல்லாமப் போனதுக்கு நான் எழுந்து நிக்கல. ரெண்டு வருஷமா அது எனக்குத் தெரிஞ்சுதான் நடந்துது. கதையோட முடிவ மாத்தினேன்னு அவரு சொன்னாரே, அதுக்குத்தான் நிக்கறேன். அந்த முடிவு எப்படி வந்துதுன்னு நான் சொல்றேன். மொதல்ல நானும் மாட்ட ஓடத்தான் வுட்டேன். பசங்க என் மூஞ்சியப் பாக்கல, அவங்கவங்க குடத்தப் பாத்தாங்க. மறுநாளு, வண்டிக்காரரு மயிலைய திரும்ப வாங்கியாந்துட்டாருன்னு சொன்னேன். அப்பவும் குடத்தத்தான் பாத்தாங்க. இப்ப கேட்டுதே இந்தப் பொண்ணு, இதுதான் ‘அக்கா, அது நகராது’ன்னு சொல்லிச்சு. அடுத்த நாளு நகரலன்னு சொன்னேன். குடம் ரொம்பித் தண்ணி வழியுது, ஒருத்தரும் எடுக்கல. என்னையே பாத்துக்கினு நிக்கறாங்க. அப்பதான் கதை முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது.”

சென்னை ஆசிரியர் எழுந்தார். கோபமாகப் பேசவில்லை, பரிவோடுதான் பேசினார். “அம்மா, உங்கள் திறமையை மதிக்கிறேன். ஆனால் குழந்தைகளைக் கலங்க வைக்கக் கூடாது. அது நம் பொறுப்பு” என்றார்.

“உங்க ஊருப் பசங்க மாட்ட வண்டியில பூட்டினதா மட்டும் பாத்திருப்பாங்க” என்றார் அண்ணி. “எங்க பசங்க வண்டிக்கு முன்னாலயும் பாக்கறாங்க, வண்டி மேல தோலாவும் பாக்கறாங்க. தெனமும் அந்த வாடையிலதான் சோறு துன்றாங்க. அவங்களுக்கு அழத் தெரியும். அவங்களோட அழறதுக்கு ஒரு கதை வேணும். பொய் சொன்னா கண்டுபுடிச்சிடுவாங்க. இனிமே என் கதையில ஒரு வரிய மாத்தறதுன்னா, அது உங்க பொஸ்தகத்துல வரவே வேணாம்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெரியவர்கள் யாரும் கைதட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். வேலூர்த் தமிழாசிரியர் மட்டும் மேடையிலிருந்து இறங்கி வந்து, அண்ணியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று நாங்கள் நான்கு பேரும் வீட்டுக்கு நடந்து வந்தோம். அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வாசலில் கால் கழுவும்போதுதான் வாயைத் திறந்தாள். “எழுந்ததுதான் எழுந்த, இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசக்கூடாதா? பின்னால இருந்தவங்களுக்கு ஒண்ணும் கேக்கல” என்றாள். அண்ணி அவளையே பார்த்தார். அவர் கண் அன்றைக்கு அப்போது மட்டும்தான் கலங்கியது.

எல்லாம் அதோடு சுகமாக முடிந்துவிடவில்லை. டேனரியில் ‘ரைட்டர்’ என்ற பெயர் கேலிப் பெயராயிற்று. அண்ணன் வேலை போகவில்லை. ஆனால் நிமிர்ந்து நடக்கமாட்டார். தீபாவளி நெருங்கும் வரையில் அண்ணியோடு அவர் பேசவேயில்லை. சோறு வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார். அண்ணியும் இறங்கிப்போகவில்லை. “அவரப் பாத்தா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்காக மாட்ட ஓட்டச் சொல்றியா?” என்று என்னிடம் கேட்டார். சென்னைப் பத்திரிகையில் காத்திருந்த அவருடைய இரண்டு கதைகள், ‘பிரசுரத்துக்கு ஏற்றவை அல்ல’ என்ற குறிப்போடு திரும்பி வந்தன. வேறு இரண்டு பத்திரிகைகளுக்குத் தன் பெயரிலேயே அனுப்பினார். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. மற்றொன்று, முடிவைக் கொஞ்சம் இனிமையாக்கித் தந்தால் பரிசீலிப்பதாக எழுதியது. அண்ணி ஒரு கார்டில் ‘முடியாது’ என்று மட்டும் எழுதித் தன் பெயரைப் போட்டு அனுப்பினார். அந்தக் கார்டைத் தபாலில் சேர்த்தவள் நான். நான்கு வருஷம் அவருடைய எழுத்து எதுவும் அச்சில் வரவில்லை. குழாயடியில் கதை மட்டும் நிற்கவில்லை. கேட்க வரும் பெண்களும் கூடிப்போனார்கள்.

அண்ணன் மாறியது ஒரே நாளில் நடந்ததல்ல. நாங்கள் கவனிக்காமலே நடந்தது. பெயர் போட்டுக்கொண்ட இரண்டு வருஷத்தில் அவர் அந்தக் கதைகளில் ஒன்றையும் முழுதாகப் படித்திருக்கவில்லை. பேச்சு நின்றிருந்த அந்த மாதங்களில்தான், லேபிள் தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார் போலிருக்கிறது. தீபாவளிக்குச் சில நாள் முன்பு காலையில் வேலைக்குக் கிளம்பியவர், செருப்பை மாட்டியபடியே, யாரையும் பார்க்காமல், “தோல் வண்டி முன்கேட்டு வழியா வராது. பின்கேட்டு வழியாத்தான் வுடுவாங்க. தப்பா எழுதியிருக்கு” என்றார். அண்ணி அடுப்படியிலிருந்து, “அப்படியா? பின்கேட்டாண்ட இன்னா இருக்கும்?” என்று கேட்டார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அன்று ஆபீசுக்கு நேரங்கழித்துத்தான் போனார்.

கடைசியில் வேலூரில் ஒரு சின்ன அச்சகம் அந்தக் கதைகளைப் புத்தகமாகப் போட்டது. கையெழுத்துப் பிரதியை ரயிலில் எடுத்துக்கொண்டு போனவர் அண்ணன்தான். அச்சுக்கோப்பவர் ஆசிரியர் பெயரைக் கேட்டிருக்கிறார். அண்ணியின் முழுப்பெயரையும், அதற்கு முன்னால் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடாமல், குடியாத்தத்து மாமனார் பெயரின் முதல் எழுத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அட்டையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணி அந்த முதல் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அண்ணி போய் மூன்று வருஷமாகிறது. டேனரியை ஒட்டிய அந்த வரிசை வீடுகள் இல்லை. பாலாற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமலிருப்பதே நல்லது. நானும் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது; அண்ணனுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. போன மாதம் ஒரு பதிப்பகத்திலிருந்து ஓர் இளைஞர் ஃபோன் செய்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். சிவலைக் கதையைப் படத்தோடு வண்ணத்தில் போட விரும்புவதாகச் சொன்னார். ஒரே ஒரு சின்ன மாற்றம். இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குத் தகுந்தாற்போல், கடைசிப் பக்கத்தில் மாடு மறுபடி நடப்பதாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அனுமதி கொடுக்கவேண்டியவர் அண்ணன்தான் என்று சொல்லி, ஃபோனை அவர் காதருகே பிடித்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, ஒரு தடவ அத மாத்தினேன்னு நான் சொன்னேன். ஊரே கேட்டுக்கினு இருந்துச்சு” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். “எழுதினவ இப்ப இல்ல. அதனால நான் சொல்றேன். மாடு நகராது. அப்படியே போடறதுன்னா போடுங்க, இல்லேன்னா வுட்டுடுங்க.”